வீடு எந்த ஏரியா, இன்சூரன்ஸ் எவ்வளவு? சென்னை கார்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

வேளச்சேரிப் பக்கம் ஒரு கார் பட்டறையில் இன்சூரன்ஸ் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பாலிசி புதுப்பிப்பது, கிளெய்ம் படிவம் எழுதுவது, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்போது வண்டிப் பக்கத்தில் நிற்பது என்று பகல் போய்விடும். வருடம் முழுக்க அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஐப்பசி பிறந்தால் இரட்டிப்பாக வருகின்றன. போனில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கொடுத்திருக்கிறேன். எல்லாம் சொந்த உபயோகக் கார்களைப் பற்றியவை. டாக்சிக்கும் வேனுக்கும் கணக்கு வேறு.

நான் அண்ணா நகர், என் தம்பி பெரம்பூர். ஒரே மாடல் கார். ரெண்டு பேருக்கும் பிரீமியம் வேற வேறயா வருமா?

வரலாம். ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஏரியாவாக இருக்காது. கார் பாலிசியில் இரண்டு பாகம் உண்டு. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் சாவு, காயம், பொருள் சேதம் இவற்றுக்கானது தேர்ட் பார்ட்டி. சட்டப்படி இது கட்டாயம். நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கும் திருட்டுக்கும் ஆனது ஓன் டேமேஜ், சுருக்கமாக ஓடி. இரண்டும் சேர்ந்ததைத்தான் புல் கவர் என்கிறோம்.

தேர்ட் பார்ட்டித் தொகையை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. பெட்ரோல், டீசல் கார்களுக்கு இன்ஜின் அளவுதான் கணக்கு. 2022 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி 1000 சிசி வரை ஆண்டுக்கு ரூ.2,094, 1000 முதல் 1500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. அண்ணா நகரானாலும் அரியலூரானாலும் தொகை ஒன்றுதான். உங்கள் இருவருக்கும் வித்தியாசம் வந்தால் அது ஓடி பாகத்தில் வரும். வண்டியின் வயது, கிளெய்ம் வாங்காததற்குக் கிடைக்கும் என்சிபி கழிவு, நிறுவனம் தரும் தள்ளுபடி, இந்த மூன்றையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சென்னை நம்பர்னா ரேட் ஜாஸ்தின்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான், ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதி, கார்களுக்காக நாட்டை இரண்டு மண்டலமாகப் பிரித்தது. சென்னை, மும்பை, கொல்கத்தா, புது டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு ஊர்களும் ஏ மண்டலம். மற்ற எல்லாம் பி. 2007 ஜனவரியிலிருந்து ஓடி விலையை நிறுவனங்களே வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் பழைய அட்டவணையை அடியில் வைத்து, அதிலிருந்து தள்ளுபடி கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1197 சிசி கார், ஐந்து வயதுக்குள், ஐடிவி (அதாவது வண்டிக்கு இன்று வைத்திருக்கும் மதிப்பு) 6 லட்சம். பழைய அட்டவணையில் ஏ மண்டலத்துக்கு 3.283%, அது ரூ.19,698. பி மண்டலத்துக்கு 3.191%, அது ரூ.19,146. வித்தியாசம் ரூ.552. இதில் நிறுவனம் 60% தள்ளுபடி கொடுத்தால் வித்தியாசம் ரூ.221 ஆகிவிடும். ஒரு குடும்பம் ஓட்டலில் டிபன் சாப்பிடும் காசுகூட இல்லை.

கோயம்புத்தூர்ல ரிஜிஸ்டர் பண்ண கார். இப்ப மடிப்பாக்கத்துல குடியிருக்கேன். கிளெய்ம் இங்க கிடைக்குமா?

கிடைக்கும். இந்தியா முழுக்க பாலிசி செல்லும். மண்டலத்தைத் தீர்மானிப்பது வண்டியைப் பதிவு செய்த ஆர்டிஓ அலுவலகம் இருக்கும் இடம். டிஎன் 38 வண்டி மடிப்பாக்கத்தில் நின்றாலும் மண்டலக் கணக்கில் அது கோவை வண்டிதான்.

ஆனால் முகவரியை மாற்றிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, குடியிருப்பு மாறினால் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டுக்குள் நம்பர் மாறாது, ஆர்சியில் முகவரி மட்டும் மாறும். அப்படியே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதிப் பாலிசியில் திருத்தம் வாங்குங்கள். முகவரி பழசு என்பதற்காக மட்டும் கிளெய்மை நிராகரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், சர்வேயருக்கு விளக்கம் சொல்லி, பத்து நாள் இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஊரில் இருக்கும் சித்தப்பா முகவரியில் புது வண்டியைப் பதிந்தால் மிச்சம் ஆகுமே என்று கேட்பவர்களுக்கு மேலே போட்ட ரூ.221 கணக்கைத்தான் காட்டுகிறேன்.

அமெரிக்காவுல என் பையன் ரெண்டு தெரு தள்ளி வீடு மாறினான், பிரீமியம் ஏறிடுச்சு. இங்கயும் அப்படி வருமா?

அங்கே பல மாநிலங்களில் ஜிப் கோடு விலையில் பெரிய பங்கு வகிக்கிறது. அந்த வட்டாரத்தில் எத்தனை திருட்டு, எத்தனை மோதல், எவ்வளவு இழப்பீடு என்று பார்த்து விலை வைக்கிறார்கள். அதற்கு எதிர்ப்பும் உண்டு. கலிபோர்னியா மக்கள் 1988இல் வாக்களித்து, ஓட்டுநரின் விபத்து வரலாறு, ஆண்டுக்கு ஓடும் தூரம், ஓட்டிய அனுபவம் ஆகிய மூன்றுக்கும் முதலிடம் தர வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். இடம் அதற்குப் பிறகுதான்.

இங்கே பின்கோடு வாரியாக அரசு அட்டவணை எதுவும் கிடையாது. ஆர்டிஓ வாரியாகத் தங்கள் இழப்புக் கணக்கைப் பார்த்து, தள்ளுபடியைக் கூட்டிக் குறைக்கும் நிறுவனங்கள் உண்டு. அதனால்தான் இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள் என்று சொல்கிறேன்.

அப்போ ஏரியாவைப் பத்திக் கவலையே பட வேண்டாமா சார்?

விலைக்காகக் கவலைப்பட வேண்டாம். எதை வாங்குவது என்பதற்குக் கட்டாயம் கவலைப்படுங்கள். ஒரே நகரத்தில் முடிச்சூர்க்காரருக்கு வரும் ஆபத்து ஒன்று, திருவல்லிக்கேணிக்காரருக்கு வரும் ஆபத்து வேறு, பெசன்ட் நகர்க்காரருக்கு இன்னொன்று. எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே விலை கொடுக்கிறார்கள். ஆனால் பாலிசியோடு சேர்த்து எந்த ஆட்-ஆன் (தனியாகப் பணம் கட்டி வாங்கும் கூடுதல் கவர்) வாங்கினார்கள் என்பதைப் பொறுத்து, சேதம் வந்த அன்று ஒருவர் கையில் பணம் இருக்கிறது, இன்னொருவர் பட்டறை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதைப் பற்றித்தான்.

வேளச்சேரியில வீடு. புல் கவர் இருக்கு. வெள்ளத்துல வண்டி போனா முழுசா காசு வந்துடும்ல?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அதிகம் பேர் ஏமாறுவதும் இதில்தான். புல் கவரில் வெள்ளம், புயல், சூறாவளி எல்லாம் அடக்கம். தண்ணீர் புகுந்து சீட், தரைவிரிப்பு, ஒயரிங், கம்ப்யூட்டர் போர்டு கெட்டால் தேய்மானம் கழித்துத் தருவார்கள். ஆனால் அதே பாலிசியில், சேதத்தின் தொடர்விளைவாக வரும் நஷ்டமும் இயந்திரக் கோளாறும் கிடையாது என்றும் எழுதியிருக்கிறது. இன்ஜினுக்குள் தண்ணீர் போய் அது உடைந்தால், அதை இந்த வகையில்தான் சேர்க்கிறார்கள்.

2015 டிசம்பரில் எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்த ஒரு காரின் இன்ஜினைப் பிரித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். நான்கு கனெக்டிங் ராடில் ஒன்று வில் மாதிரி வளைந்து, சிலிண்டர் சுவரைக் குத்திக் கிழித்திருந்தது. மெக்கானிக் அதை மேசைமேல் வைத்தார். பால் கலந்த காபி நிறத்தில் எண்ணெய் வழிந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டரில் தண்ணீர் நின்றால் ராடுதான் வளையும். வண்டிக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பத்து வருடம் விடாமல் பிரீமியம் கட்டியவர். சீட்டுக்கும் ஒயரிங்குக்கும் பணம் வந்தது. இன்ஜின் செலவு முழுக்க அவர் தலையில் விழுந்தது.

இதற்காக இருப்பதுதான் இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம், கோட்டூர்புரம் ஆற்றோரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, இந்தப் பெயர்கள் எல்லாம் 2015இலோ 2023 மிக்ஜாம் புயலிலோ, சில இடங்கள் இரண்டிலும், தண்ணீர் பார்த்தவை. இங்கே வீடு இருந்தால் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். வண்டிக்கு வயது ஏற ஏற இந்த ஆட்-ஆனைத் தர நிறுவனங்கள் தயங்கும், ஒவ்வொன்றும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஒரு இடத்தில் இல்லை என்றால் இன்னொரு இடத்தில் கேளுங்கள்.

தண்ணி வடிஞ்சதும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தா என்ன தப்பு?

ராடு வளைவதே அந்த ஒரு தடவையில்தான். நின்ற வண்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், திறந்து சுத்தம் செய்து காப்பாற்றிவிடும் வாய்ப்பு உண்டு. ஸ்டார்ட் செய்தால் அது போய்விடும். தண்ணீரில் ஸ்டார்ட் செய்த அடையாளத்தைச் சர்வேயர் கண்டுபிடித்துவிடுவார். ஆட்-ஆன் இருந்தாலும் அது தகராறாகும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சாவியைத் தொடாதீர்கள், புஷ் பட்டனையும் அழுத்தாதீர்கள். தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று கதவில் கோடு தெரியும். அதையும் நம்பர் பிளேட்டையும் சேர்த்துப் போட்டோ எடுங்கள். கை எட்டினால் பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றுங்கள். அப்புறம் நிறுவனத்தின் இலவச எண்ணுக்குத் தகவல் சொல்லிப் பதிவு எண் வாங்கிக்கொண்டு, வண்டியை டோயிங் செய்து கொண்டுபோங்கள். தள்ளிப்போடாதீர்கள். தாமதத்தால் பெருகிய சேதத்தைக் கழிப்பதற்கு பாலிசியில் இடம் இருக்கிறது.

அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல வண்டி கூரை வரைக்கும் மூழ்கிடுச்சு. ரிப்பேர் பண்ணச் சொல்வாங்களா?

ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பு. கூரை வரை மூழ்கினால் பெரும்பாலும் அப்படித்தான் முடியும். அப்போது ஐடிவி தொகையில் கட்டாயக் கழிவு (கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய தொகை) போக மீதி கிடைக்கும். 1500 சிசி வரை அந்தக் கழிவு ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000.

பழுதடைந்த வண்டியை நிறுவனம் எடுத்துக்கொள்ளும், அல்லது அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டு உங்களிடமே விடும். கார் மிதந்து பக்கத்து வண்டியில் இடித்திருந்தால், அவரவர் தங்கள் ஓடியில் கிளெய்ம் போடுவதுதான் சுலபம். அண்டை வீட்டாரோடு சண்டை வேண்டாம்.

ஐடிவியைக் குறைச்சுப் போட்டா ரெண்டாயிரம் மிச்சம்னு ஏஜென்ட் சொல்றார். போடலாமா?

வேண்டாம், குறிப்பாகத் தண்ணீர் வரும் ஏரியாவில். மேலே சொன்ன 75% கணக்கைப் பாருங்கள். ஐடிவியைக் குறைத்தால் வண்டி சீக்கிரமே முழு இழப்பு என்றாகிவிடும், கையில் வரும் தொகையும் குறையும். மூன்று வயது முடிந்து ஐந்துக்குள் இருக்கும் வண்டிக்குத் தேய்மான அட்டவணைப்படியே 40 முதல் 50 சதவீதம் கழிந்துவிடுகிறது. அதற்கு மேல் நாமாகக் குறைப்பானேன்?

வண்டி புதுசு என்றால் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் ஆட்-ஆனைக் கேளுங்கள். முழு இழப்பு அல்லது திருட்டு என்றால் ஐடிவிக்கும் வாங்கிய விலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை அது நிரப்பும்.

புயல் வருதுன்னா எல்லாரும் வேளச்சேரி மேம்பாலத்துல வண்டிய விடுறோம். அங்க ஏதாவது ஆனா இன்சூரன்ஸ் செல்லுமா?

செல்லும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது மேம்பாலம் முழுக்கக் கார் வரிசை நின்றதைப் பார்த்திருப்பீர்கள். பாலிசி நிபந்தனைகளில், வண்டியைச் சேதத்திலிருந்து காக்க உரிமையாளர் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று ஒன்று உண்டு. மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவது அதுதான். போலீஸ் அபராதம் போட்டால் அது உங்கள் கைக்காசு, பாலிசி தராது. கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, நின்ற இடத்தைப் போட்டோ எடுத்துவிட்டு வாருங்கள்.

பெசன்ட் நகர்ல தண்ணி நிக்காது. எனக்கு என்ன வேணும்?

உங்கள் பக்கம் மரம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது பெசன்ட் நகர், அடையாறு, அண்ணா நகர் என்று நிழலான தெருக்கள் எல்லாம் மரம் சாய்ந்து கிடந்தன. மரம் விழுந்து கூரை நசுங்கினால் புல் கவரிலேயே வரும். இன்ஜின் ஆட்-ஆன் உங்களுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. ஆனால் வேலைக்காகத் தினமும் பழைய மகாபலிபுரம் சாலை போகிறவர் என்றால் வாங்கிவிடுங்கள். வண்டி இரவில் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, பகலில் நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

கடற்காற்றில் வரும் துரு எந்தப் பாலிசியிலும் வராது. அது தேய்மானம்.

திருவல்லிக்கேணி சந்து. மாசம் ஒரு கீறல், ஒரு மிர்ரர். ஒவ்வொண்ணுக்கும் கிளெய்ம் போடலாமா?

போடலாம், ஆனால் கணக்குப் பார்த்துப் போடுங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். இரும்புப் பாகங்களுக்கு வயதுக்கேற்பக் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. சந்தில் முதலில் அடிபடுவது பம்பரும் மிர்ரர் மூடியும், இரண்டுமே பிளாஸ்டிக். அதனால் நெருக்கமான தெருக்காரர்களுக்கு ஜீரோ டெப் ஆட்-ஆன் நல்லது, அது இந்தத் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும். வருடத்துக்கு எத்தனை கிளெய்ம் என்று பாலிசியில் வரம்பு இருக்கிறதா, படித்துப் பாருங்கள்.

இப்போது என்சிபி. தொடர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் ஓடியில் முறையே 20, 25, 35, 45, 50 சதவீதம் கழிவு. ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யம். கழிவுக்கு முன் உங்கள் ஓடி ரூ.10,000, நீங்கள் 50 சதவீதத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுபடி அந்த இடத்துக்கு ஏறி வருவதற்குள் 5,000, 3,000, 2,500, 1,500, 500 என்று ரூ.12,500 போகும். வண்டி மதிப்பு வருடா வருடம் இறங்குவதால் உண்மையில் கொஞ்சம் குறையும். எப்படிப் பார்த்தாலும் நாலாயிரம் ரூபாய் டிங்கரிங்குக்கு கிளெய்ம் போடுவது நஷ்டம்தான்.

தெருவுலதான் நிறுத்துறோம். திருடு போனா 'ஏன் கேட் உள்ள வைக்கல'ன்னு கேப்பாங்களா?

கேட் உள்ள வீடு இருக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை. பூட்டினீர்களா, சாவியை வண்டியில் விட்டீர்களா என்பதுதான் கேள்வி. இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று காணவில்லை என்றால் அங்கேயே சிக்கல் தொடங்கும். உடனே எஃப்ஐஆர் போடுங்கள். வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் சான்று தந்த பிறகுதான் பணம் நகரும், சில மாதங்கள் ஆகலாம். அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால், பழைய அட்டவணைப்படி ஓடியில் 2.5%, அதிகபட்சம் ரூ.500 கழிவு.

எலெக்ட்ரிக் கார்ல இன்ஜினே இல்லையே, வெள்ளக் கவர் எதுக்கு?

பேட்டரி இருக்கிறதே. வண்டி விலையில் பெரும் பங்கு அதுதான், அதுவும் தரைக்கு மிக அருகில் இருக்கிறது. தேர்ட் பார்ட்டியில் எலெக்ட்ரிக்குக் கிடைக்கும் 15% சலுகையோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் தண்ணீரால் வரும் சேதம் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுலேர்ந்தே வேலை. வண்டி மாசம் 200 கிலோமீட்டர்கூட ஓடல. முழுப் பிரீமியம் எதுக்கு?

ஓடும் தூரத்துக்கேற்பக் கட்டும் ஓடித் திட்டங்களை 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்தது. உங்களைப் போன்றவர்களுக்கு அது லாபம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். வெள்ளமும் மரமும் ஓடாத வண்டியைத்தான் அதிகம் பிடிக்கின்றன. தூரத்தில் மிச்சம் பிடித்த காசில் இன்ஜின் ஆட்-ஆன் வாங்குங்கள்.

நாளைக்குப் புயல். இன்னைக்கு இன்ஜின் ஆட்-ஆன் மட்டும் சேர்த்துத் தர முடியுமா?

பெரும்பாலான நிறுவனங்கள் ஆட்-ஆனைப் பாலிசி தொடங்கும்போதோ புதுப்பிக்கும்போதோ மட்டும்தான் தருகின்றன. பாலிசி காலாவதியாகி இருந்தால் வண்டியைப் பரிசோதித்த பிறகுதான் புதிது. காலாவதியாகி 90 நாள் தாண்டினால் என்சிபியும் போய்விடும். எந்த மாதம் புதுப்பித்தாலும் அந்த ஒரு வருடத்துக்குள் ஒரு வடகிழக்குப் பருவமழை வந்தே தீரும். மார்ச் வெயிலில் புதுப்பிக்கும்போது 'மழைதான் இல்லையே' என்று இதை அடித்துவிடுகிறவர்களைத்தான் டிசம்பரில் பார்க்கிறேன்.

கிளெய்ம் இல்லைன்னு கடிதம் வந்துடுச்சு. வக்கீல் வைக்கணுமா?

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாலிசியின் எந்த நிபந்தனை என்று குறிப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) ஒரு வருடத்துக்குள் போகலாம். சென்னை அலுவலகம் அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவை இல்லை. வெள்ளத்தன்று எடுத்த அந்தப் போட்டோக்கள் இங்கே பேசும்.

பழைய கார் ஒண்ணு ரொம்ப மலிவா வருது. சென்னை வண்டி. வாங்கலாமா?

முதலில் அதன் கிளெய்ம் வரலாறைக் கேளுங்கள். 2023 டிசம்பரை ஒட்டி பெரிய கிளெய்ம் இருந்தால் காரணம் புரிந்துவிடும். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு முழம் சேற்று நிறத்தில் இருந்தால் வண்டி மூழ்கியது. ஸ்டெப்னி வைக்கும் குழியில் நைஸ் மண் இருக்கிறதா, சீட்டுக்கு அடியில் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழையவரின் என்சிபி அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. அந்தக் கழிவுக்கான தொகையை நீங்கள் கட்ட வேண்டிவரும். மாற்றாமல் ஓட்டி, அடுத்த மழையில் சேதமானால், ஓடி கிளெய்முக்குப் பாலிசியில் உங்கள் பெயரே இருக்காது.